தொழிற்சாலைத் தீயணைப்புக் குழுவில் பெண்கள்: சங்கம் துணை நிற்பது எப்படி?

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் எந்தப் பெரிய ஷூ கம்பெனிக்குள் போனாலும் சுவரில் ஒரு பலகை இருக்கும். தீயணைப்புக் குழு, முதலுதவிக் குழு, மீட்புக் குழு என்று தலைப்பு; கீழே போட்டோவோடு பெயர்கள். தையல் லைன்களில் பெண்களே அதிகம் என்பதால் பலகையிலும் அவர்கள் முகங்களே அதிகம். பிரிவில் தீ பிடித்தால், வேலூரிலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ சிவப்பு வண்டி வந்து சேரும்வரை தீயணைப்புச் சிலிண்டரைத் தூக்க வேண்டியவர்கள் இவர்கள்தான்.

இந்தப் பெண்களுக்குத் தொழிற்சங்கம் எப்படித் துணை நிற்பது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். கிளைச் செயலாளர், மகளிர் பொறுப்பாளர், புதிதாகக் கமிட்டிக்கு வந்தவர் ஆகியோருக்காக. புதியவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே தப்பைச் செய்கிறார்கள்: எடுத்த எடுப்பில் மனு எழுதிவிடுகிறார்கள். மனு ஐந்தாவது வேலை. முதல் நாலையும் விட்டுவிட்டு மனுவோடு போனால் நிர்வாகம் ஒரே கேள்வியில் மடக்கிவிடும்: "எத்தனை பேருக்கு, என்ன சைஸ் பூட்ஸ் வேணும்?" பதில் இருக்காது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு, தையல்காரர் வைத்திருக்கும் அளவு டேப், கேமரா உள்ள போன். இதோடு பிரிவில் உள்ள பெண்கள் நம்புகிற ஒரு பெண் உறுப்பினர். கடைசியாகச் சொன்னவர் கிடைக்காவிட்டால் வேலையைத் தொடங்கவே வேண்டாம், முதலில் அவரைத் தேடுங்கள். ஆண் நிர்வாகி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கழிப்பறை, மாதவிலக்கு பற்றி எந்தப் பெண்ணும் அவரிடம் வாய் திறக்கப் போவதில்லை.

சட்ட விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. சங்க அலுவலகப் பீரோவில் இருக்கும் பழைய மனு மாதிரிகளில் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் பிரிவு எண்கள்தான் இருக்கும். அவற்றை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இதைவிடச் சுலபமான வேலையை யாரும் கொடுக்க முடியாது.

1. பலகையில் உள்ள பெயர்களைச் சரிபாருங்கள்

பலகையைப் போட்டோ எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு பெயராக விசாரியுங்கள்: இவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா, இதே பிரிவிலா, தன் பெயர் பலகையில் இருப்பது இவருக்குத் தெரியுமா, பயிற்சிக்குப் போனாரா, எப்போது?

இதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பல பலகைகள் ஏற்றுமதி வாங்குபவர்களின் ஆடிட்டுக்காக எழுதப்பட்டவை. நான் பார்த்த ஒரு பலகையில் எட்டுப் பெண்களின் பெயர் இருந்தது. இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், ஒருவர் பிரசவ விடுப்பில். மீதி ஐந்து பேரில் மூன்று பேர் சிலிண்டரைத் தொட்டதே இல்லை. போட்டோ எடுத்தபோது "ஐடி கார்டுக்கு" என்று சொன்னார்களாம்.

இந்தப் பட்டியல்தான் பின்னால் உங்கள் மிகப் பெரிய ஆயுதம். "பெண்களுக்கு வசதி வேண்டும்" என்று கேட்டால் பார்க்கலாம் என்பார்கள். "உங்கள் ஆவணத்தில் உள்ள எட்டுப் பேரில் இரண்டு பேர்தான் பயிற்சி பெற்றவர்கள்" என்று சொன்னால் உடனே நாற்காலியை இழுத்துப் போடுவார்கள்.

2. பெண்களோடு மட்டும் உட்காருங்கள்

ஷிப்ட் முடிந்ததும் கூட்டம் போடாதீர்கள். யாரும் வர மாட்டார்கள். கம்பெனி பஸ் காத்திருக்காது. மாதனூர், குடியாத்தம் பக்கத்து ஊர்களுக்குப் போகிற பெண் அந்த பஸ்ஸை விட்டால் இரவு வீடு போய்ச் சேருவதே பெரும்பாடு. கேட் மீட்டிங்கும் சரிப்படாது, யார் யார் நின்றார்கள் என்று அன்றைக்கே மேலே தகவல் போய்விடும்.

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மூலையில் நாலு நாலு பேராகப் பேசுங்கள். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டில், பதினொரு மணிக்கு மேல். அதற்கு முன் துணி துவைக்கிற நேரம். எல்லா ஊருக்கும் ஒரே கூட்டம் போடாமல் பஸ் ரூட் வாரியாகக் கூடுங்கள். ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், பேச்சு சீக்கிரம் கிளம்பும்.

"என்ன குறை?" என்று நேரடியாகக் கேட்டால் "ஒண்ணும் இல்லக்கா" என்ற பதில்தான் வரும். "போன தீ ஒத்திகை அன்னிக்கு என்ன நடந்தது, மணி அடிச்சதிலிருந்து சொல்லுங்க" என்று கேளுங்கள். ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர்கள் திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தில்தான் உண்மை வரும். "எங்கே நீ ஹோஸ் புடிச்ச? போட்டோவுக்கு மட்டும் கையில குடுத்தாங்க, அப்புறம் மெயின்டனன்ஸ் அண்ணன் வாங்கிக்கிட்டாரு."

எழுதும்போது பெயரைத் தனித் தாளில் வையுங்கள், குறைகளை வேறு தாளில் எழுதுங்கள். இதை நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனியில் பதினான்கு பெண்களின் கையெழுத்தோடு மனு கொடுத்தோம். வாரம் திரும்புவதற்குள் அதில் மூன்று பேரைத் தையலிலிருந்து எடுத்துப் பசை போடும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் இன்றும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

3. அளவு எடுங்கள்

இந்த வேலைக்கு ஒரு முழு வாரம் ஒதுக்குங்கள். சங்க வேலையாகவே தோன்றாது; ஆனால் பாதிப் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது.

தீயணைப்புக் குழுவின் அலமாரியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கம்பூட்ஸ் பெரும்பாலும் 8, 9, 10 சைஸில் இருக்கும். பெண்களில் பலருக்குப் பாதம் 4 அல்லது 5. நாள் முழுக்க ஐரோப்பியப் பெண்களுக்காக 37, 38 நம்பர் ஷூ தைத்து அனுப்புகிற கை, அவசரத்துக்கு மாட்டுவது ஒன்பதாம் நம்பர் பூட்ஸ். உலகத்துக்கே செருப்பு தைக்கிற ஊரில் இந்தக் கூத்து. உள்ளே வேஸ்ட் துணி திணித்துக்கொண்டு ஓடிய பெண் ஒருவர் ஒத்திகையில் படியில் சறுக்கி விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

கையுறையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதை மாட்டிக்கொண்டு சிலிண்டரின் பாதுகாப்புப் பின்னை உருவச் சொல்லுங்கள். விரல் நுனியில் ஒரு அங்குலம் காலியாகத் தொங்கினால் பின் வளையத்துக்குள் விரல் நுழையாது. பல்லால் கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் உருவுவார். அந்தப் பத்து வினாடியை நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் நின்று போனில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. பேச்சுவார்த்தையில் நாலு பக்க மனு செய்யாததை இந்த வீடியோ செய்யும்.

ஹெல்மெட்டில் இரண்டு விஷயம் பாருங்கள்: உள்ளே சுற்றளவைக் குறைக்கும் திருகு வேலை செய்கிறதா, கொண்டை போட்டிருந்தால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா. கொண்டைக்கு மேல் ஹெல்மெட் உட்காராது. தாழப் பின்னிச் சட்டைக்குள் விடுவதுதான் வழி.

உடை விஷயத்தில் புதியவர்கள் கோட்டை விடுவார்கள். பாலியஸ்டர் சுடிதாரும் நைலான் புடவையும் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மேலே கம்பெனி கோட் போட்டாலும் துப்பட்டாவும் முந்தானையும் தொங்கும். கேட்க வேண்டியது தடிமனான பருத்தித் துணியில் சட்டை, பேன்ட் என்று இரண்டு துண்டாக. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாக உள்ள கவரால் வேண்டாம். கழிப்பறை போகும்போது அதை முழுக்கக் கழற்ற வேண்டும். கழற்ற இடமும் இருக்காது. மாற்றிக்கொள்ளத் தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை வேண்டும் என்பதையும் இந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

எடை. நிரப்பிய 9 லிட்டர் தண்ணீர் சிலிண்டர் பன்னிரண்டு கிலோவைத் தாண்டும். பெண்களால் தூக்க முடியாது என்று பேச்சு வரும். தண்ணீர்க் குடம் அதைவிடக் கனம். எங்கள் ஊர்ப் பெண்களிடம் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். உண்மையான சிக்கல் மாட்டியிருக்கும் உயரம்தான். கைப்பிடி நெஞ்சுக்கு மேலே இருந்தால் இறக்கும்போது தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். டேப் வைத்துத் தரையிலிருந்து கைப்பிடி வரை அளந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எழுதுங்கள்.

நோட்டுப் பக்கம் இப்படி இருந்தால் போதும்: பிரிவு, வரிசை எண் (பெயர் வேண்டாம்), பாத சைஸ், கையுறை சைஸ், தலைச் சுற்றளவு, பயிற்சி பெற்ற தேதி, சொன்ன குறை.

4. குறைகளைப் பிரியுங்கள்

நோட்டில் உள்ளவை மூன்று வகையாக விழும். ஸ்டோரிலிருந்து வாங்கிக் கொடுத்தால் தீர்வது ஒன்று. வேலை முறையை மாற்றினால்தான் தீர்வது இன்னொன்று: யார் எந்த ஷிப்டில் பொறுப்பு, ஒத்திகை எப்போது, குழுவில் இருப்பதற்கான படிப்பணம் (குழுப்படி) யாருக்கு. மூன்றாவது, மேலாள் தொடுவது, ஒத்திகையில் "புடிச்சுக் காட்டறேன் வா" என்று மேலே விழுவது, கேலி பேசுவது.

மூன்றாவதை மற்ற இரண்டோடு ஒரே மனுவில் சேர்க்கவே கூடாது. பூட்ஸ் கேட்கிற மனுவைப் பத்துப் பேர் படிப்பார்கள். பாலியல் தொல்லைப் புகாரில் பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். அதற்கு வழி வேறு. எட்டாவது பகுதியில் சொல்கிறேன்.

5. மனு எழுதுங்கள்

ஒரே பக்கம். முதல் பத்தியில் நீங்கள் எண்ணியது: எத்தனை பேர் பட்டியலில், எத்தனை பேர் பயிற்சியோடு, எத்தனை ஜோடி பூட்ஸ் எந்த சைஸில் குறைவு. இரண்டாவதில் கேட்பது, எண்ணிக்கையோடும் தேதியோடும். சட்டம் கடைசியில் ஒரு வரி போதும்: 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பின்படி, பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறவும், பாதுகாப்பு போதவில்லை என்று முறையிடவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு.

கையெழுத்து கிளைச் செயலாளரும் தலைவரும் மட்டும். பெண்களின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். காரணத்தை மேலே பார்த்தீர்கள்.

சில வார்த்தைகளைத் தவிருங்கள். "பெண்கள் பாதுகாப்பு கருதி" என்று எழுதினால், நிர்வாகம் உடனே ஒப்புக்கொண்டு பெண்களையெல்லாம் குழுவிலிருந்து எடுத்துவிடும். இதுதான் அவர்களுக்கு மிகவும் சுலபமான தீர்வு, செலவில்லாதது. எங்கள் ஆட்களிலேயே பாதிப்பேர் இதற்குத் தலையாட்டுவார்கள். ஆட்டாதீர்கள். குழுப்படி கொடுக்கிற இடங்களில் அந்தப் பணம் போகும். சூப்பர்வைசர் பதவிக்குப் பார்க்கிற தகுதிகளில் ஒன்றும் போகும். அதைவிட, முந்நூறு பெண்கள் உட்கார்ந்திருக்கிற ஹாலில் வழி தெரிந்த பெண் ஒருவரும் இல்லாமல் போவார்கள். "குழுவில் உள்ள உறுப்பினர்களுக்குப் பொருந்தும் சாதனங்கள்" என்று எழுதுங்கள்.

6. கொடுக்க வேண்டிய வரிசை

முதலில் தொழிற்சாலை மேலாளருக்கு. பாதுகாப்புக் குழு இருந்தால் அதன் செயலாளருக்கு நகல். நகலில் தேதி, கையெழுத்து, சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, அதைக் கேட்டுப் போய் நிற்க வேண்டாம்.

பதினைந்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல். அதற்கும் அசையாவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகம். அங்கே அதிகாரி கேட்கும் முதல் கேள்வி "நிர்வாகத்துக்குக் கொடுத்தீங்களா, நகல் எங்கே?" என்பதுதான். அதற்காகத்தான் இந்த வரிசை.

புதியவர்கள் நேராகத் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போய்விடுவார்கள். மனு வாங்குவார்கள், எண் போடுவார்கள்; அதே மனு சுற்றி வந்து அதே துறை அலுவலகத்தில்தான் விழும். ஒரு மாதம் வீண். அப்புறம் 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததை மறந்துவிடாதீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரில் சேர்ந்தவை. ஆற்காடு, வாலாஜா ராணிப்பேட்டையில். கம்பெனி எந்த மாவட்டம் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். வேலூர் என்று பழக்கத்தில் எழுதித் திரும்பி வந்த மனுக்கள் என்னிடமே இரண்டு இருக்கின்றன.

ஒரு தனிப் பெண்ணின் குறை என்றால் வழி வேறு. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். தொழிலாளர்களில் பெண்கள் எந்த விகிதமோ, குழுவிலும் அதற்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்கலாம். அங்கே தீராவிட்டால், முடிவு கிடைத்த 60 நாளுக்குள் சங்கம் வழியாகத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போகலாம். முக்கால்வாசிக் கம்பெனிகளில் இந்தக் குழுவின் பெண் உறுப்பினர் ஹெச்.ஆர். ஆபீஸ் ஆளாக இருப்பார். லைனில் வேலை செய்கிற பெண்ணைப் போடச் சொல்லி முதலில் அதற்கு ஒரு கடிதம் கொடுங்கள்.

7. பேச்சுவார்த்தை

மேசையில் சங்கத்தின் பக்கம் குறைந்தது ஒரு பெண், அதுவும் குழுவில் இருப்பவர், உட்கார வேண்டும். உட்கார்ந்தால் மட்டும் போதாது, எந்தப் பகுதியை அவர் பேசுவார் என்று முதல் நாளே பிரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நடப்பது என்னவென்றால், அவர் வாயைத் திறப்பதற்குள் நம் தலைவர் "தங்கச்சி என்ன சொல்ல வருதுன்னா..." என்று ஆரம்பித்து விடுவார். மேசைக்கு அடியில் காலை மிதிக்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

கையுறை வீடியோவை முதலில் காட்டுங்கள். அப்புறம் நோட்டு. பேசி முடித்ததை அன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இரு தரப்பும் தமக்குள் போடும் ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச அலுவலர் முன்னால் போட்டது (பழைய ஆட்கள் பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து இன்னும் 12(3) என்றுதான் சொல்வார்கள்) எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும். இரண்டு மூன்று சங்கம் இருக்கிற கம்பெனியில் இந்த வித்தியாசம் பெரிது.

ஒத்திகை பற்றி இங்கேயே மூன்று விஷயத்தை எழுதி வாங்குங்கள். எல்லாப் பெண்களும் கையால் ஹோஸ் பிடிக்க வேண்டும், போட்டோவுக்கு இல்லை. 63 மில்லிமீட்டர் ஹோஸில் தண்ணீர் விட்டால் முனை உதறும். முனையை ஒருவரும் பின்னால் ஒருவரும் பிடித்துப் பழகாவிட்டால் முதல் தடவையே கீழே தள்ளிவிடும். இரண்டாவது, பசை போடும் பிரிவுக்கு அருகிலேயே ஒரு ஒத்திகை. கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். அதை அணைக்க நுரையோ பவுடரோ வேண்டும், தண்ணீர் உதவாது. இது ஹாலின் இன்னொரு மூலையில் நின்று சொல்லிக்கொடுத்தால் மனதில் நிற்காது. மூன்றாவது, சித்திரை வைகாசியில் மதியம் இரண்டு மணிக்கு ஒத்திகை வைக்கக் கூடாது. வேலூர் வெயிலில் கூடுமிடத்தில் முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்தால் தீ இல்லாமலேயே ஆள் விழும்.

8. பாலியல் தொல்லைப் புகார் வந்தால்

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு உறுப்பினர் கட்டாயம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். உள்ளகக் குழு இல்லாவிட்டால், அல்லது புகார் முதலாளி மேலேயே என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு.

சங்கத்தின் வேலை இங்கே மூன்றுதான். பெண்ணுக்கு எழுத உதவி வேண்டுமென்றால் உதவுவது. விசாரணை முடியும்வரை தன்னையோ எதிராளியையோ வேறு இடத்துக்கு மாற்றவும், மூன்று மாதம் வரை விடுப்பு தரவும் அவர் எழுத்தில் கேட்கலாம் என்று சொல்வது. தேதிகளை நோட்டில் குறித்துத் துரத்துவது.

போஸ்டர் அடிக்காதீர்கள். எதிராளி நம் உறுப்பினராகவே இருந்தால்? இருப்பார், ஒத்திகையில் ஹோஸ் பிடித்துக் காட்டுகிற மெயின்டனன்ஸ் ஆட்களில் பாதிப்பேர் நம் சந்தாக்காரர்கள். இரண்டு பேருக்கும் ஒரே நிர்வாகி பேசக் கூடாது. அந்தப் பெண்ணுக்குத் துணையாகப் போகிறவர், எதிராளியோடு பேசுவதை அன்றோடு நிறுத்த வேண்டும். "ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசி முடிச்சிடலாம்" என்று கிளம்புகிற மூத்தவர் ஒவ்வொரு கிளையிலும் உண்டு. அவரை வீட்டுக்கு அனுப்புங்கள்.

9. கர்ப்பம், பிரசவம்

கர்ப்பமாக இருக்கும் பெண் ஹோஸ் பிடிக்கக் கூடாது, புகை ஒத்திகையில் நிற்கக் கூடாது. ஆனால் பலகையிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் திரும்பி வரும்போது இடம் இருக்காது. அதனால் "மாற்று உறுப்பினர்" என்று ஒரு வரிசை கேளுங்கள். பெயர் அங்கே இருக்கும், குழுப்படி நிற்காது, மாடிப்படியில் கூட்டத்தை ஒழுங்கு செய்வது போன்ற வேலை இருக்கும். எப்போது சொல்வது என்பது அந்தப் பெண்ணின் முடிவு. சங்கம் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது.

விடுப்பு 26 வாரம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்குப் பணம் இ.எஸ்.ஐ. வழியாக வரும். திரும்பி வந்த பிறகு குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. அந்த நேரத்தில் ஒத்திகை மணி அடித்தால் பெண் ஓடி வர வேண்டுமா என்று யாரும் யோசிப்பதில்லை. வேண்டாம் என்று எழுதி வாங்குங்கள்.

10. ஒத்திகையிலோ தீயிலோ அடிபட்டால்

அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுத வைப்பதுதான் முதல் வேலை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ஒருவர், பதிவேட்டுக்கு ஒருவர் என்று இரண்டு பேராகப் பிரியுங்கள்.

சூப்பர்வைசர் மெதுவாக வந்து சொல்வார்: "ஒத்திகைல விழுந்தேன்னு சொன்னா ஆடிட்ல பிரச்சினை. வீட்ல விழுந்தேன்னு சொல்லும்மா, லீவு நான் பார்த்துக்கறேன்." இந்தப் பெண் தலையாட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். வேலையில் பட்ட காயம் என்றால் இ.எஸ்.ஐ.யில் தற்காலிக முடக்கத்துக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம், குணமாகும்வரை. இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. சாதாரண நோய் என்று பதிந்தால் 70 சதவீதம்தான், வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள். பின்னால் கை முழுதாக மடங்காவிட்டால் நிரந்தர முடக்கத்துக்கான தொகையும் கிடையாது. எங்கே கொண்டுபோனாலும், அடுக்கம்பாறை பெரியாஸ்பத்திரியோ தனியாரோ, சீட்டில் "வேலை இடத்தில்" என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

11. கான்ட்ராக்ட் பெண்கள்

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஃபயர் அண்டு சேஃப்டி டிப்ளமோ படித்துவிட்டுக் கான்ட்ராக்டில் வருகிற பெண்கள் இருக்கிறார்கள். வெல்டிங் நடக்கும் இடத்தில் சிலிண்டரோடு நிற்பது இவர்கள் வேலை. வெல்டிங் முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி நேரமாவது பொறி கனல்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது விதி. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று வந்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே நிற்கிறவர்களைக் கேட்டால் "பழகிப்போச்சுக்கா" என்கிறார்கள்.

இங்கே முதல் கோரிக்கை மாற்று ஆள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம், அந்த நேரத்தில் நிற்பவரின் பெயர் வெல்டிங்குக்கு அனுமதி கொடுக்கும் பர்மிட் தாளிலேயே எழுதப்பட வேண்டும். பர்மிட்டில் இல்லாத ஏற்பாடு ஒரு வாரம்கூடத் தாங்காது.

கேட்பது கான்ட்ராக்டரிடம் இல்லை, கம்பெனியிடம். கழிப்பறை, குடிநீர் போன்ற வசதிகளுக்கு மூல முதலாளிதான், அதாவது கான்ட்ராக்டருக்கு வேலையைக் கொடுத்த கம்பெனிதான், பொறுப்பு. பாலியல் தொல்லைப் புகாரையும் அந்தக் கம்பெனியின் உள்ளகக் குழுவிலேயே கொடுக்கலாம்.

12. அரசுத் தீயணைப்புத் துறைப் பெண் உதவி கேட்டால்

சீருடைத் துறையில் இருப்பவர் அண்டை வீட்டுக்காரராகவோ உறவாகவோ வந்து கேட்பார். மேலே சொன்ன எதையும் அப்படியே அங்கே செய்யாதீர்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகள் வேலைநிறுத்தத்தைத் தடுக்கின்றன. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2003இல் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியர்களுக்கு அந்த உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. வெளி ஆட்களை வைத்து அழுத்தம் கொடுப்பதும் அவர் மேலேயே நடவடிக்கையாகத் திரும்பும். நாம் கொடியோடு நிலைய வாசலில் நின்றால் மெமோ அவருக்குத்தான் போகும்.

செய்யக்கூடியது உண்டு. அவர் மேலதிகாரி வழியாகக் கொடுக்கும் விண்ணப்பத்தைத் தெளிவாக எழுதிக்கொடுக்கலாம். நிலையத்தில் பெண்களுக்கு ஓய்வறை, கழிப்பறை உண்டா, பாதுகாப்பு உடை எந்த சைஸ்களில் வாங்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் வேறொருவர் பெயரில் கேட்கலாம்: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. மகப்பேறு விடுப்பு அவர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் 12 மாதம். நம் 26 வாரக் கணக்கைச் சொல்லிக் குழப்ப வேண்டாம். உள்ளகக் குழு அங்கேயும் உண்டு.

13. சாமான் வந்த பிறகு

ஒப்பந்தத்தில் எழுதிய பூட்ஸ் ஒரு நாள் வரும். பிரித்துப் பாருங்கள். 5 நம்பர் பத்து ஜோடி கேட்டால் 7 நம்பர் பத்து ஜோடி வந்திருக்கும், "ஸ்டாக்ல இதான் இருந்தது" என்பார்கள். அலமாரிக்குள் போவதற்கு முன் பெண்கள் கையால் போட்டுப் பார்த்து நோட்டில் டிக் அடிக்க வேண்டும். பொருந்தாததை அன்றைக்கே எழுதித் திருப்புங்கள்.

அலமாரியின் சாவி யாரிடம் என்றும் பாருங்கள். ஒரு இடத்தில் புத்தம் புது சாதனம் எல்லாம் சரியான சைஸில் இருந்தது. சாவி செக்யூரிட்டி ஆபீஸில், செக்யூரிட்டி ஆபீஸ் மெயின் கேட்டில், தையல் ஹாலிலிருந்து ஒரு பர்லாங் தூரம். பூட்டை எடுத்துவிட்டு, இழுத்தால் அறுந்துவிடும் முத்திரைக் கயிறு போடச் சொன்னோம். மூன்று கடிதம் பிடித்தது.